சிறுவர் சமைத்த பந்தயம்

மட்டக்களப்பு நகரையும் கல்லடியையும் இணைத்து வாவியின் குறுக்கே இரும்புப் பாலம் அமைந்தது 1924ஆம் ஆண்டிலாகும். அக்காலத் தேசாதிபதியாயிருந்த சேர் வில்லியம் மனிங் என்பாரின் துணைவியார் பெயரால் அது லேடி மனிங் பாலம் எனப்பட்டது. ஒரு புறத்திலிருந்து வாகனம் வரும்போது மறுபுறத்து வாகனம் காத்து நிற்கவேண்டிய ஒடுங்கிய பாலம் அது. அகன்ற புதிய பாலம் 2013ஆம் ஆண்டிலே திறக்கப்படும் வரை, ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள், கல்லடி மக்கள் அந்தக் காத்திருப்போடு வாழ்ந்தனர். ஆயினும் ஒரு வகையினருக்கு மட்டும் அவ்வளவு காத்திருப்பு இல்லை. அவர்களே துவிச்சக்கர வண்டிக்காரர். பின்னால் மீன்பெட்டி கட்டியவர், விறகு அடுக்கியவர், தேங்காய்க் குலை தொங்கவிட்டவர், முன் சட்டத்திலே பிள்ளையை இருத்திப் பாடசாலைக்குச் சென்றவர் ஆகிய யாவரும் அப்பாலத்தின் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிச் சென்றனர். வாவிக்கரை மக்களின் பொருளாதாரத்தை எழுத முற்படும் ஒருவர் தோணிக்கு அடுத்தபடியாகச் சைக்கிளுக்கே ஓர் அத்தியாயம் ஒதுக்கவேண்டியிருக்கும்.

இவ்வாறு ஆண்டு முழுவதும் சுமை சுமக்கின்ற இவ்வாகனம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி விளையாட்டுக் கருவியாக மாறுவதை நேயர்கள் அறிவர். கயிறு இழுத்தல், வழுக்கு மரம் ஏறுதல், தலையணைச் சண்டை, முட்டி உடைத்தல் என்று நீளும் நிரலிலே ‘மெதுவாகச் சைக்கிள் ஓட்டுதல்’ என்பதும் ஒன்று. மற்றெல்லாப் பந்தயங்களுக்கும் மாறானது இது. முந்தி வருபவர் தோற்றவர். பிந்தி வருபவரே வென்றவர். காலை நிலத்தில் ஊன்றலாகாது, கோட்டைத் தாண்டலாகாது, பின்னோக்கியும் போகலாகாது. முன்சக்கரத்தை இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பி, மூச்சை அடக்கி, ஒரு முழத் தூரத்தை ஒரு யோசனைத் தூரம் போலக் கடக்கும் இளைஞரைச் சூழ்ந்து ஊரே நின்று சிரிக்கும். இதனை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குவோர் உண்டு. அது சரியன்று. சைக்கிள் ஓட்டத்தின் உயிர்நாடி வேகமன்று, சமநிலையே என்பதை இதைப்போல் எடுத்துக்காட்டும் போட்டி வேறில்லை. இக்கருத்து சற்று மறந்துவிடாதிருக்கட்டும். பின்னர் இது வேண்டப்படும்.

மெதுவான இப்பந்தயத்துக்கு நேர் எதிரானதொரு பந்தயம் இன்று உலகின் பல ஊர்களிலே நடைபெறுகின்றது. பீ.எம்.எக்ஸ். என்பது அதன் பெயர். ‘பைசிக்கிள் மோட்டோகுறோஸ்’ என்னும் தொடரின் சுருக்கம் அது. மேடும் பள்ளமுமான மண்வெளியிலே மோட்டார்ச் சைக்கிள் ஓட்டும் பந்தயத்துக்கு மோட்டோகுறோஸ் என்று பெயர். அதையே மிதிவண்டியில் நடத்துவது பீ.எம்.எக்ஸ். இரண்டு எழுத்தோடு ‘எக்ஸ்’ என்னும் எழுத்து சேர்ந்தது, அது பெருக்கற் குறி போலக் குறுக்கே கடப்பதைக் காட்டுவதனாலாகும்.

துவிச்சக்கர வண்டியின் வரலாற்றை நோக்கின், அது விளையாட்டிலிருந்து விலகி நின்ற காலமே இல்லை எனலாம். பழம்பெரும் சைக்கிள் பந்தயங்களுள் ஒன்று 1868ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி, பாரிஸ் நகரையடுத்த சென் குளூ என்னும் பூங்காவிலே நடைபெற்றது. காற்றடைத்த ரயர் தோன்றிய கதை இன்னும் சுவையானது. பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லொப் என்பவர் தம் சிறு மகனுடைய மூன்று சக்கர வண்டி கரடுமுரடான வீதியிலே குலுங்காமல் ஓடவேண்டும் என்று எண்ணியே இறப்பர்க் குழாயிற் காற்றடைத்துச் சக்கரத்திலே சுற்றினார். அது நிகழ்ந்தது 1880களின் இறுதியில். 1888ஆம் ஆண்டிலே அவர் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டிலேயே அந்த ரயர் பூட்டிய வண்டி பந்தயங்களில் வெற்றி பெற, உலகம் அதன்பால் திரும்பியது. ஒரு பிள்ளையின் விளையாட்டு வண்டிக்காகச் செய்த சிறு உபாயம் இலங்கையின் தலைவிதியையும் தொட்டது. பிறேசிலிலிருந்து சேர் ஹென்றி விக்கம் கொண்டுசென்ற வித்துகளில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து கம்பகாவையடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்திலே நாட்டப்பட்டிருந்தன. அவை வளர்ந்து பயன்தரும் காலத்திலே ரயருக்கான தேவையும் பெருகியது.

இனி பீ.எம்.எக்ஸ். பந்தயத்தின் பிறப்பிடத்துக்குச் செல்வோம். அமெரிக்காவிலே ஷ்வின் என்னும் கம்பனி 1963ஆம் ஆண்டிலே ‘ஸ்ரிங் றே’ என்றொரு சிறுவர் சைக்கிளை விற்பனைக்கு விட்டது. அதன் சக்கரம் 20 அங்குலம். கைப்பிடி மான்கொம்பு போல உயர்ந்திருக்கும். இருக்கை வாழைப்பழம் போல நீண்டிருக்கும். கலிபோர்ணியாவின் தென்பகுதியிலோ அக்காலத்தில் மோட்டோகுறோஸ் மோகம் பெரிது. மோட்டார்ச் சைக்கிள் வாங்க வயதும் இல்லை, வசதியும் இல்லை என்ற நிலையிலிருந்த சிறுவர், தம்மிடமிருந்த ஸ்ரிங் றே சைக்கிளையே மோட்டார்ச் சைக்கிளாகப் பாவித்து, வாயாலே இயந்திர ஓசை எழுப்பி, வெறும் வளவுகளிலே மண்மேடுகளைத் தாண்டினர். பனங்கொட்டையைத் தேராக்கியும் ஓலையைக் காற்றாடியாக்கியும் விளையாடிய பிள்ளைகளைக் கண்ட நம்மவருக்கு இது புதிதன்று.

1969ஆம் ஆண்டு யூலை மாதத்திலே லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் மேற்கிலுள்ள பாம்ஸ் பூங்காவிலே சில சிறுவர் ஒன்றுகூடித் தமக்கு ஒரு பந்தயம் வைக்கவேண்டும் என்று கேட்டனர். பூங்காவிலே பணிபுரிந்த றொன் மக்ளர் என்னும் இளைஞர் அதற்கு இசைந்தார். ‘இங்கே சைக்கிள் ஓட்டலாகாது’ என்று பலகை நாட்டுவதே பூங்காப் பணியாளர் இயல்பு. இவர் பலகைக்குப் பதிலாகப் பாதை ஒன்றை வகுத்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி, லோங் பீச் என்னும் இடத்திலே ஸ்கொற் பிரைற்ஹோப்ற் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன் தானே ஒரு பந்தயத்தை நடத்தினான். நுழைவுக் கட்டணம் இருபத்தைந்து சதம். ஓடியவர் முப்பத்தைந்து பேர். வென்றவர்க்குக் கொடுக்கக் கிண்ணம் வேண்டுமே! தான் மோட்டார்ச் சைக்கிள் பந்தயங்களிலே பெற்ற கிண்ணங்களை வீட்டிலிருந்து எடுத்துவந்து கொடுத்தான். அடுத்த முறை நூற்றைம்பது பேர் வந்து நின்றனர்.

உலக விளையாட்டுகளின் தோற்றத்தை ஆராய்ந்தால், அரசரும் படையினரும் கல்லூரி ஆசிரியரும் வகுத்தவையே பெரும்பாலானவை. பதின்மூன்று வயதுப் பிள்ளை அமைப்பாளனாகவும், நடுவராகவும், பரிசளிப்பவனாகவும் நின்று தொடக்கிவைத்த விளையாட்டு, பின்னர் ஒலிம்பிக் அரங்கு வரை சென்றது அரிதினும் அரிது. இதனாலேயே இதன் வரலாறு பாடசாலைகளோடு தொடர்புடையோரால் ஊன்றிக் கவனிக்கத் தக்கதாகின்றது.

ஊர்க் கழகம் ஒன்று நடத்தும் பந்தய நாள் எப்படியிருக்கும்? காலையிலே முதலில் வருவோர் பிள்ளைகளல்லர், பெற்றோரே. சிலர் மண்வாரி கொண்டு மேடுகளைச் செப்பனிடுவர். சிலர் குழாயால் நீர் தெளித்துப் புழுதியை அடக்குவர். ஒருவர் மேசையிட்டுப் பெயர் பதிவார். பதிந்த பெயர்கள் வயது வாரியாகவும் தேர்ச்சி வாரியாகவும் பிரிக்கப்பட்டுத் தாளில் எழுதி ஒட்டப்படும். அத்தாளைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால், பரீட்சைப் பெறுபேறு ஒட்டிய நாளின் பாடசாலைச் சுவரே நினைவுக்கு வரும். முகமும் மறையும் தலைக்கவசம், கையுறை, நீண்ட காற்சட்டை, முழுக்கைச் சட்டை என்பன இன்றி எவரையும் பாதைக்குள் விடார். சைக்கிளும் சோதிக்கப்படும். அதற்குப் பல்சக்கர மாற்று இல்லை, ஒரே கியர். பிறேக்கும் பின்சக்கரத்துக்கு ஒன்றே. இருக்கை மிகத் தாழ்ந்தது. பந்தயத்தின்போது அதிலே எவரும் அமர்வதில்லை.

பாதை பெரும்பாலும் 300 முதல் 400 மீற்றர் நீளமானது. ஒரு முனையிலே மண்ணால் எழுப்பிய மேடு. அதன் உச்சியிலே தடைக் கதவு. எட்டுப் பேர் வரை வரிசையாக நின்று முன்சக்கரத்தைக் கதவிலே சாய்த்து, இரு காலையும் பெடலில் வைத்து, நிலத்தைத் தொடாமல் நிமிர்ந்து நிற்பர். கல்லடியிலே மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் இளைஞன் செய்வதும் இதுதானே! ஆயத்தமாகும்படியும் கதவை நோக்கும்படியும் ஒலிபெருக்கி கூறும். அதன்பின் விளக்கு மாறுவதற்குள் ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே அளவினதாய் இராதபடி கருவியை அமைத்திருக்கின்றனர். எண்ணிப் பார்த்து முந்திப் பாய்வதைத் தடுப்பதற்காம். கதவு விழுந்ததும் எட்டு வண்டிகளும் சரிவிலே பாயும். முதல் வளைவை யார் முந்தி அடைகின்றாரோ அவருக்கே வெற்றி வாய்ப்பு மிகுதி. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குத் தாவுவோர் சிலர். தாவாமல் உடலை அமுக்கி உருட்டிச் செல்வோர் சிலர். தாவுவோரையே கூட்டம் மெச்சும். ஆனால் காற்றிலே பறக்கும் சக்கரத்தைப் பெடல் உந்துவதில்லையாதலால் தாழ்ந்து செல்பவரே பல வேளை முந்துவர். நாற்பது செக்கன் வரையில் யாவும் முடிந்துவிடும்.

அப்படியாயின் ஒரு நாள் முழுவதும் எப்படிக் கழிகின்றது என்று நேயர்கள் வினவலாம். இங்கேதான் இப்பந்தயத்தின் நல்ல வழக்கம் ஒன்று இருக்கின்றது. ஒருமுறை தோற்றவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. முதற்சுற்றை மும்முறை ஓடவிட்டு, மூன்றின் பெறுபேற்றையும் கூட்டியே அடுத்த கட்டத்துக்குத் தேர்ந்தெடுப்பது பழைய முறை. பல இடங்களில் இன்றும் உண்டு. காலையிலே விழுந்த பிள்ளைக்கு மத்தியானத்திலே இன்னொரு வாய்ப்புக் கிடைக்கின்றது. நமது பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளிலே தகுதிகாண் ஓட்டத்தில் தவறி விழுந்த பிள்ளை அன்று முழுவதும் மர நிழலில் அமர்ந்து மற்றவர்க்குக் கைதட்டுவதைக் காண்போர்க்கு, இந்த ஏற்பாட்டின் நன்மை விளங்காமற் போகாது.

மூன்று வயதுக் குழந்தைகள் பெடல் இல்லாத வண்டியைக் காலால் உந்தி ஓட்டும் பிரிவும் உண்டு. தந்தையர் 24 அங்குலச் சக்கர வண்டியில் ஓடும் பிரிவும் உண்டு. முடிவுக் கோட்டில் இடங்களைக் குறிப்பவர் ஒருவரின் தாயார். விழுந்தவரைத் தூக்க வளைவிலே கொடியோடு நிற்பவர் இன்னொருவரின் மாமன். பார்க்க வந்தவர் என்று தனியே ஒரு கூட்டம் இல்லை. மட்டக்களப்பு மக்கள் இதனைத் தம் கொம்புமுறி விளையாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கண்ணகி வழிபாட்டோடு இணைந்த அவ்விளையாட்டிலே ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். இரு சேரியிலும் சேராதவர் எவருமில்லை. கயிறு திரிப்பவரும் கொம்பு தேடிக் கொணர்பவரும் விளையாட்டின் உறுப்பினரே. ஊர் விளையாட்டு என்பதற்கு இலக்கணம் அதுவேயாகும்.

பணம் நுழையும் இடத்திலே இவ்விலக்கணம் சோதனைக்குள்ளாகும். 1971ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஒன் எனி சண்டே’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் தொடக்கத்திலே சிறுவர் ஸ்ரிங் றே வண்டியில் மோட்டார்ச் சைக்கிள் வீரரைப் போலச் செய்யும் காட்சி வந்ததும் விளையாட்டு நாடெங்கும் பரவியது. 1974 முதல் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கங்கள் தோன்றின. எது பெரியது என்று போட்டியும் மூண்டது. கம்பனிகள் வண்டிகளை மலிவாகவும் விலையாகவும் செய்து குவித்தன. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஈ.ரீ.’ படத்திலே யப்பானியக் குவஹாரா வண்டிகளை ஓட்டிச் சிறுவர் வானிலே பறந்தனர். பீ.எம்.எக்ஸ். என்ற பெயர் இலங்கையிலே சிறுவர் சைக்கிளுக்கு வழங்கலானதும் இந்த அலையின் பின்னரே. 1980களின் நடுப்பகுதியில் அந்த மோகம் தணிந்தது. கடைக்காரரும் விளம்பரக்காரரும் விலகிச் சென்ற பின்னரும் மண்வாரியோடு காலையிலே வந்து நின்ற பெற்றோரே பாதைகளைக் காத்தனர்.

சர்வதேச அமைப்பு 1981ஆம் ஆண்டில் உருவாகி, 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டேற்றன் நகரிலே முதல் உலகப் போட்டி நடந்தது. 1993ஆம் ஆண்டிலே உலகச் சைக்கிள் சம்மேளனம் இதனைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 2008ஆம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்கிலே இது முதன்முறை இடம்பெற்றது. ஆடவர் பொற்பதக்கம் லத்வியா என்னும் சிறு நாட்டுக்குப் போனது. 2012ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் மகளிர் பொற்பதக்கத்தைக் கொலம்பியாவின் மரியானா பஹோன் வென்றார். ஆசியாவை நோக்கினால், 2014ஆம் ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவிலே பிலிப்பைன்ஸ் நாட்டுக்குக் கிடைத்த ஒரேயொரு தங்கம் பீ.எம்.எக்ஸ். வீரர் டானியல் கலுவாக் பெற்றதாகும். அவர் தொழிலால் ஒரு தாதி.

2021ஆம் ஆண்டு தோக்கியோவில் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. பிரித்தானியாவின் விளையாட்டு நிதி அமைப்பு 2016ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின் பின்னர் பீ.எம்.எக்ஸ். பந்தயத்தில் ஆடவருக்கு மட்டுமே உதவி வழங்கியது. பெதனி ஷ்ரைவர் என்னும் பெண் பாடசாலையொன்றிலே உதவி ஆசிரியையாகப் பகுதி நேரம் பணிபுரிந்துகொண்டு, பொதுமக்களிடம் நிதி திரட்டிப் பயின்றார். தோக்கியோவிலே தங்கம் வென்றவர் அவரே. அதே நாளில், அவருக்குச் சில நிமிடங்கள் முன்னதாக வெள்ளி வென்ற கே வைற் என்பவர் லண்டனின் பெக்கம் பகுதி ஊர்க் கழகத்தில் வளர்ந்தவர். அக்கழகத்தை உருவாக்க உழைத்தவர்களுள் அவருடைய தந்தையாரும் ஒருவர். தலைநகரின் பெரிய அலுவலகங்கள் வகுத்த கணக்கு ஓரிடத்தில் தவறியது. ஊரார் இட்ட கணக்கு தவறவில்லை.

ஆபத்தை மறைத்துப் பேசுவது முறையன்று. 2016ஆம் ஆண்டின் ஒலிம்பிக் வீரர் கொணர் பீல்ட்ஸ் தோக்கியோவிலே விழுந்து தலையில் இரத்தக் கசிவுக்குள்ளானார். அவுஸ்திரேலிய வீரர் கய் சகாகிபரா 2020ஆம் ஆண்டு போட்டியொன்றிலே விழுந்து மூளையிற் கடுங்காயமுற்றார். அவருடைய தங்கை சாயா 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலே தங்கம் வென்றார். இவை எட்டு மீற்றர் உயர மேட்டிலிருந்து மணிக்கு அறுபது கிலோமீற்றர் வரையான வேகத்தில் இறங்கும் பெருந்தரப் போட்டிகள். ஊர்ப் பாதையின் மேடு அதிலும் மிகத் தாழ்ந்தது. எனினும் தலைக்கவசமின்றிப் பிள்ளையை ஓடவிடும் கழகம் கழகமே அன்று. நம்மூர்ப் பிள்ளைகள் இப்போது பயிலும் இடமோ லொறியும் பேருந்தும் விரையும் பெருவீதி. வேகத்தை விரும்பும் வயதினருக்கு வீதியிலும் பார்க்க மண்மேடு பாதுகாப்பானது.

கல்லடிக்குச் சைக்கிளின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரைகளை அழித்தது. அதன் பின்னர், வாகனம் இழந்தோர் மீண்டும் தொழிலுக்கும் பாடசாலைக்கும் செல்வதற்கென ‘வேர்ல்ட் பைசிக்கிள் றிலீவ்’ என்னும் அமைப்பு 2005ஆம் ஆண்டிலே தோன்றி இலங்கையில் இருபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட சைக்கிள்களை வழங்கியது. சைக்கிள் உதிரிப்பாகங்கள் செய்யும் அமெரிக்கத் தொழிலதிபர் ஒருவரே அதனைத் தோற்றுவித்தார். 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியிலே, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர் பலர் கொல்லைப்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த பழைய வண்டியைத் தட்டியெடுத்து எண்ணெயிட்டனர்.

இத்தகைய ஊரிலே ஒரு சிறு பந்தயப் பாதை அமைப்பதாயின் முதலில் மண்ணைப் பற்றியே சிந்திக்கவேண்டும். கல்லடி கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றிட்டு. சிறு சக்கரம் அம்மணலிலே புதையும். எனவே கிரவலும் களிமண்ணும் ஏற்றிவந்து, நீர் தெளித்து, உருளை கொண்டு இறுக்கவேண்டும். மனித உயரத்துக்கு மேற்படாத தொடக்க மேடே ஊர்ப் பிள்ளைகளுக்குப் போதும். நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்த நிலமாதலால், பள்ளங்களிலே நீர் தேங்காதபடி ஓரமாக வடிகால் வெட்டவேண்டும். தடைக் கதவுக்கு இரும்புச் சட்டமும் பலகையும் வேண்டும். ஊரிலுள்ள ஒட்டுத் தொழிலாளர் அதை ஒரு நாளிலே செய்துவிடுவர். வடகீழ்ப் பருவ மழை ஐப்பசியிலே தொடங்கித் தை வரையும் பெய்வதால், மழை ஓய்ந்த மாசி மாதத்தில் மண் கொட்டினால் பங்குனி வெயிலிலே அது இறுகும். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா நிரலிலே மெதுவாகச் சைக்கிள் ஓட்டுதலுக்கு அடுத்தபடியாக இதனைச் சேர்க்கலாம். மெதுவான பந்தயத்திலே கடைசியாக வந்து வென்றவரைத் தொடக்க மேட்டின் உச்சியிலே நிறுத்தி, காலூன்றாமல் நிற்கும் வித்தையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்வது நன்று.